போரின் நினைவிலிருந்து மீளும் சிறார்கள்: அகதிகளுக்கான மனவடு சிகிச்சை இந்தியாவுக்குச் சொல்லும் பாடம் என்ன?

மனநல மருத்துவர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாத முகாம்களிலும், முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களைக் கொண்டு அகதிச் சிறார்களின் மனவடுவை ஆற்ற முடியும் என்பதை 20 ஆண்டுகால ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், நாளை எங்கே இருப்போம் என்ற அச்சத்தை எந்தச் சிகிச்சையாலும் தனியாகப் போக்க முடிவதில்லை.

புதுடெல்லி: போரிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் பள்ளியும் கிடைத்துவிட்டால் எஞ்சியதைக் காலம் ஆற்றிவிடும் என்பதே நிவாரணப் பணிகளில் நெடுங்காலம் நிலவிய எண்ணம். பல குழந்தைகளுக்கு இது பொருந்தவும் செய்கிறது. ஆனால், பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் ஒரு பகுதியினரிடம் போர் முடிவதில்லை. அது அவர்களுடைய உறக்கத்தில் தொடர்கிறது, வகுப்பறையில் தொடர்கிறது, பட்டாசுச் சத்தத்தில் திரும்பி வருகிறது.

ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் 12 கோடியே 32 லட்சம் பேர் தங்கள் வாழிடங்களிலிருந்து வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தனர். அவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். இந்தச் சிறார்களில் சிகிச்சை தேவைப்படுவோரை எப்படி இனங்காண்பது, யார் சிகிச்சை அளிப்பது, எந்தச் சூழலில் அது பலன் தரும் ஆகிய கேள்விகள் மருத்துவத் துறையோடு நின்றுவிடுவதில்லை. அவை அரசுகளின் கொள்கைக்குரிய கேள்விகளும் ஆகும்.

எல்லோருக்கும் சிகிச்சை தேவையில்லை

மனவடு என்பது, உயிருக்கே ஆபத்து என்று உணரவைத்த ஒரு நிகழ்வு மனத்தில் விட்டுச் செல்லும் காயம். குண்டுவீச்சு, சித்திரவதை, பாலியல் வன்முறை, கண்ணெதிரே உறவினர் கொல்லப்படுதல், கடல் வழியாகவும் பாலைவனம் வழியாகவும் தப்பும் பயணத்தில் நேரும் கொடுமைகள் ஆகியவை அகதிச் சிறார்களின் அனுபவத்தில் அடிக்கடி இடம்பெறுபவை.

இத்தகைய அனுபவத்துக்கு உள்ளான எல்லாக் குழந்தைகளும் நோயாளிகள் ஆவதில்லை. அகதிகளாகவும் புகலிடம் கோருவோராகவும் உள்ள 779 சிறார்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வு ஒன்று, அவர்களில் 22.7 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு எனப்படும் பி.டி.எஸ்.டி. இருந்ததாகக் கூறுகிறது. 13.8 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும், 15.8 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறும் காணப்பட்டன.

அதாவது, நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோருக்கு பி.டி.எஸ்.டி. இல்லை. குடும்பத்தின் அரவணைப்பும், விளையாட்டும், ஒழுங்கான அன்றாட வாழ்வும் அவர்களைத் தாங்கிப் பிடிக்கின்றன. எனவே, முகாமுக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் அமரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்வது தவறான அணுகுமுறை. பேரிடர் நடந்த உடனேயே அனைவரிடமும் நிகழ்வைக் கேட்டறிந்து கொட்டித் தீர்க்கச் செய்யும் முறையைக் கைவிடுமாறு உலக சுகாதார அமைப்பும் அறிவுறுத்தியுள்ளது. முதல் நாட்களில் தேவைப்படுவது பாதுகாப்பு, தகவல், குடும்பத்தினருடன் இணைத்துவைத்தல், கனிவான செவிமடுத்தல் ஆகியவைதாம்.

வாரங்கள் கடந்தும் அறிகுறிகள் தணியாத குழந்தைகளுக்கே சிகிச்சை தேவை. அவர்களை அடையாளம் காண்பதும் எளிதன்று. சிறு குழந்தைகள் தங்கள் அச்சத்தைச் சொற்களில் சொல்வதில்லை. கண்ட காட்சியைத் திரும்பத் திரும்ப விளையாட்டாக நடித்துக் காட்டுவார்கள், படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தலைகாட்டும், வயிற்றுவலி என்பார்கள். வளரிளம் பருவத்தினரோ எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவற்றுடன் வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். ஆசிரியரின் பார்வையில் இது ஒழுங்கீனமாகவோ படிப்பில் நாட்டமின்மையாகவோ தெரிகிறது.

நினைவு ஏன் அடங்க மறுக்கிறது?

சாதாரண நினைவுக்கு இடமும் காலமும் உண்டு. கடந்த ஆண்டு திருவிழாவுக்குச் சென்றதை நினைக்கும் ஒருவருக்கு, அது முடிந்துபோன நிகழ்வு என்பதும் தெரியும். பேரச்சத்தின் நடுவே பதியும் நினைவு அப்படி ஒழுங்காகப் பதிவதில்லை. ஒலி, வாசனை, வெப்பம், நெஞ்சின் படபடப்பு ஆகியவை ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்கின்றன. எப்போது, எங்கே, எதற்குப் பின் எது என்ற சட்டகம் மட்டும் தளர்ந்துவிடுகிறது.

இதனால்தான் ஒரு ஹெலிகாப்டர் ஒலியோ எரியும் ரப்பரின் நெடியோ போதுமானதாகிவிடுகிறது. சிறுவனின் உடல், ஆபத்து இப்போதே நிகழ்கிறது என்று நம்பி இயங்குகிறது. அந்த வேதனையைத் தவிர்க்க அவன் நினைவூட்டும் அனைத்திலிருந்தும் விலகி நிற்கிறான். விலகல் சற்று நேரம் ஆறுதல் தருகிறது. ஆனால், நினைவைச் சீராக்கும் வாய்ப்பையும் அதுவே பறித்துவிடுகிறது. மனவடுவை மையமாகக் கொண்ட சிகிச்சைகள் உடைக்க முயல்வது இந்தச் சுழற்சியைத்தான்.

கயிறு, மலர்கள், கற்கள்

இத்துறையில் பரவலாக ஆராயப்பட்ட முறைகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, அமெரிக்காவைச் சேர்ந்த ஜூடித் கோஹன், ஆன்டனி மனரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகியோர் குழந்தைகளுக்கென உருவாக்கிய, மனவடு சார்ந்த அறிதல் நடத்தைச் சிகிச்சை. பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் வரை நீளும் இதில், முதலில் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இந்த அறிகுறிகள் ஏன் வருகின்றன என்பது விளக்கப்படுகிறது. அடுத்து மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்தும் பயிற்சி, உணர்வுகளைப் பெயரிட்டு அறிதல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அதன் பிறகே நடந்த நிகழ்வைச் சிறிது சிறிதாகச் சொல்லும் கட்டம் தொடங்குகிறது.

இந்தக் கட்டத்தில்தான் பல குழந்தைகளின் மனத்தில் புதைந்திருக்கும் தவறான முடிவுகள் வெளிப்படுகின்றன. தம்பியின் கையை நான் விட்டதால்தான் அவன் இறந்தான், நான் அழுததால்தான் ராணுவத்தினர் வந்தனர் என்பன போன்ற குற்றவுணர்வு, சொல்லப்படாதவரை திருத்தப்படவும் முடியாது. சொல்லப்பட்ட பிறகு, அந்த வயதில் அந்தச் சூழலில் உன்னால் என்ன செய்திருக்க முடியும் என்று சிகிச்சையாளர் அவனுடன் சேர்ந்து ஆராய்கிறார். இறுதியில், குழந்தை தன் கதையைப் பெற்றோரிடமோ காப்பாளரிடமோ பகிர்ந்துகொள்ளும் அமர்வு நடைபெறுகிறது.

இரண்டாவது முறை, ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய மேகி ஷாவர், ஃபிராங்க் நொய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் அகதிகளுக்காகவே வடிவமைத்த கதையுரைப்புச் சிகிச்சை. சிறாருக்கான அதன் வடிவம் கிட்நெட் என அழைக்கப்படுகிறது. சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சிக் காலத்தில், சித்திரவதைக்கு உள்ளானோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்த உளவியலாளர்கள், அப்பதிவே அவர்களுக்கு ஆறுதல் தருவதைக் கண்டனர். கதையுரைப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று அந்த அனுபவம்.

இதில் குழந்தை ஒரு கயிற்றைத் தரையில் விரிக்கிறது. அதுவே அதன் பிறப்பு முதல் இன்று வரையிலான வாழ்க்கை. மகிழ்ச்சியான தருணங்களுக்கு மலர்களையும், கொடுமையான தருணங்களுக்குக் கற்களையும் கயிற்றின் மீது வரிசையாக வைக்கிறது. பின்னர் ஒவ்வொரு அமர்விலும் வாழ்க்கை, காலவரிசைப்படி சொல்லப்படுகிறது. ஒரு கல்லை அடையும்போது, அங்கே என்ன கண்டாய், என்ன கேட்டாய், உடல் எப்படி இருந்தது, என்ன நினைத்தாய் என்று சிகிச்சையாளர் பொறுமையாகக் கேட்கிறார். அச்சம் உயர்ந்து, பிறகு தணியும் வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. சொன்னவை எழுதப்பட்டு, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டப்பட்டுத் திருத்தப்படுகின்றன. முடிவில், முழுமையான வாழ்க்கைக் கதை ஒன்று குழந்தையின் கையில் தரப்படுகிறது.

கயிற்றின் மீதி நீளம் சுருட்டியபடியே கிடக்கும். அது இனி வரப்போகும் காலம். கொடுமை நடந்தது உண்மை, ஆனால் அது இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்தில் முடிந்தது என்பதைக் கண்ணால் காணச் செய்வதே இந்தப் பயிற்சியின் பலம். நினைவு அழிவதில்லை, அதற்கு உரிய இடமும் தேதியும் கிடைக்கின்றன.

முகாம்களில் கிடைத்த சான்றுகள்

இந்த முறைகள் வசதியான மருத்துவமனைகளுக்கு மட்டுமே உரியவை என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. அதற்கான முதல் பதில் உகாண்டாவிலிருந்து வந்தது. அங்குள்ள இம்வேபி குடியிருப்பில் தங்கியிருந்த சூடான் அகதிகள் 43 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2004-இல் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகு, கதையுரைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் 29 சதவீதம் பேரிடம் மட்டுமே பி.டி.எஸ்.டி. நீடித்தது. பொதுவான ஆலோசனை பெற்றவர்களில் இது 79 சதவீதமாகவும், நோய் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களில் 80 சதவீதமாகவும் இருந்தது. இவர்கள் வயது வந்தோர்; எனினும் சிறாருக்கான முயற்சிகளுக்கு இந்த ஆய்வே ஊக்கமளித்தது.

ஜெர்மனியில் புகலிடம் கோரிய 7 முதல் 16 வயது வரையிலான 26 சிறார்களிடம் கிட்நெட் முறை பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் 2010-இல் வெளியாயின. 8 அமர்வுகளுக்குப் பின், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைக் காட்டிலும் சிகிச்சை பெற்றவர்களின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்தன. ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

வடக்கு உகாண்டாவில் கடத்தப்பட்டுப் போராளிகளாக்கப்பட்ட முன்னாள் சிறார் படையினர் 85 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் ஒரு குழுவினருக்குக் கதையுரைப்புச் சிகிச்சையும், மற்றொரு குழுவினருக்கு விடுபட்ட கல்வியை ஈடுசெய்யும் பயிற்சியும் ஆதரவான ஆலோசனையும் அளிக்கப்பட்டன. மூன்றாவது குழுவினர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தனர். மனவடு அறிகுறிகளைக் குறைப்பதில் கதையுரைப்புச் சிகிச்சையே மற்ற இரண்டையும் விஞ்சியது. பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மற்றவை தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு இந்த முடிவு ஒரு முக்கியமான திருத்தம். கல்வி இன்றியமையாதது, ஆனால் இரவில் உறங்க முடியாத குழந்தைக்குப் பாடநூல் மட்டும் போதாது.

வடகிழக்கு இலங்கை எழுப்பிய கேள்வி

இதே துறையின் முடிவுகளை எச்சரிக்கையுடன் வாசிக்க வேண்டும் என்பதை உணர்த்திய ஆய்வு, போரும் ஆழிப்பேரலையும் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில் நடந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய வாரங்களில், முகாமில் தங்கியிருந்த 31 சிறார்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 6 கிட்நெட் அமர்வுகளும், மற்றொன்றுக்குத் தியானமும் உடல் தளர்த்தலும் கொண்ட 6 அமர்வுகளும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களால் அளிக்கப்பட்டன.

ஆறு மாதங்களுக்குப் பிறகு கிட்நெட் குழுவில் 81 சதவீதம் பேரும், தியானக் குழுவில் 71 சதவீதம் பேரும் மீண்டிருந்தனர். புள்ளியியல் அடிப்படையில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழு இந்த ஆய்வில் இடம்பெறவில்லை. ஆகவே, எவ்வளவு பேர் இயல்பாகவே மீண்டிருப்பார்கள் என்பதை இதிலிருந்து கணிக்க முடியாது. இருந்தும், நினைவைத் தொட்டுப் பேசுவது மட்டுமே ஒரே வழி என்று அடித்துச் சொல்வோர் இந்த முடிவைக் கடந்து செல்ல இயலாது.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் அவற்றுக்கிடையிலான நம்பிக்கையையும் சிதைக்கிறது என்று எழுதிவந்துள்ளார். மூச்சுப் பயிற்சி, செபம், திக்ரு போன்ற மக்களுக்குப் பழக்கமான வழிகளைச் சிகிச்சையுடன் இணைக்கலாம் என்பதும் அவருடைய அனுபவம். அந்தந்தச் சமூகத்துக்கு இயல்பான ஆறுதல் முறைகளைப் புறந்தள்ளிவிட்டு வெளியிலிருந்து ஒரு கையேட்டை மட்டும் கொண்டுவந்தால் பயனில்லை என்பதையே இலங்கை அனுபவம் காட்டுகிறது.

வெள்ளை அங்கி இல்லாத சிகிச்சையாளர்கள்

இந்த ஆய்வுகளில் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது புலப்படும் ஒற்றுமை, சிகிச்சை அளித்தவர்கள் யார் என்பதில் உள்ளது. உகாண்டாவின் நாகிவாலே குடியிருப்பில் ருவாண்டா, சோமாலியா நாடுகளைச் சேர்ந்த 277 அகதிகளிடம் நடந்த ஆய்வில், ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டவர்களும் அகதிகளே. 2008-இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்கள், சிகிச்சை பெறாமல் கண்காணிக்கப்பட்டவர்களைவிடக் கணிசமாக மீண்டனர். ஜாம்பியா தலைநகர் லுசாகாவில் 257 சிறார்களிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்விலும், மனவடு சார்ந்த அறிதல் நடத்தைச் சிகிச்சையை வழங்கியவர்கள் மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்கள்தாம்.

வளர்ந்த நாடுகளும் இதே வழிக்குத் திரும்பின. 2015-இல் மட்டும் ஜெர்மனியின் இளையோர் நல அலுவலகங்கள், பெற்றோர் துணையின்றி வந்த சுமார் 42,300 வெளிநாட்டுச் சிறார்களைப் பொறுப்பேற்றன. அத்தனை பேருக்கும் உளவியல் நிபுணர்களை ஒதுக்குவது இயலாத காரியம். எனவே, இளையோர் இல்லங்களில் பணியாற்றும் சமூகப் பணியாளர்களே நடத்தக்கூடிய 6 அமர்வுக் குழுப் பயிற்சி ஒன்று உருவானது. என் பாதை என்று பொருள்படும் மைன் வெக் என்பது அதன் பெயர். 99 இளம் அகதிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இப்பயிற்சியில் சேர்ந்தவர்களின் மனவடு, மனச்சோர்வு அறிகுறிகள் நடுத்தர அளவுக்குக் குறைந்தன.

இது படிநிலை அணுகுமுறைக்கு வழிவகுக்கிறது. பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான அன்றாட வாழ்வு போதும். அறிகுறிகள் உள்ளோருக்குக் குழுப் பயிற்சி. அதற்கும் தணியாதவர்களுக்கும் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கும் நிபுணரின் தனிச் சிகிச்சை. நிபுணர்கள் குறைவாக உள்ள இடத்தில் அவர்களது நேரம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைச் சென்றடைய இதுவே வழி. பயிற்சி பெற்ற பணியாளரைத் தனியே விட்டுவிடாமல், நிபுணர் ஒருவர் தொடர்ந்து மேற்பார்வையிடுவது இதில் தவிர்க்க முடியாத நிபந்தனை.

பாதுகாப்பு இல்லாமல் குணம் உண்டா?

சிகிச்சையின் எல்லையும் இங்கேதான் வெளிப்படுகிறது. நடந்தது முடிந்துவிட்டது, இப்போது நீ பாதுகாப்பாக இருக்கிறாய் என்பதே மனவடு சிகிச்சையின் அடிப்படைச் செய்தி. நாடு கடத்தப்படுவோமோ என்று தினமும் அஞ்சும் இளைஞனிடம் அந்தச் செய்தியைச் சொல்வது எப்படி?

பாதுகாப்பு முழுமையாக உறுதியாகும் வரை சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது ஒரு தரப்பின் வாதம். ஆனால், புகலிட மனுக்கள் முடிவாக ஆண்டுகள் ஆகின்றன. ஒரு குழந்தையின் வாழ்வில் ஓராண்டு என்பது மிக நீண்ட காலம். தங்குரிமை உறுதியாகாத 26 இளம் அகதிகளுக்கு ஜெர்மனியில் மனவடு சார்ந்த அறிதல் நடத்தைச் சிகிச்சை அளித்த முன்னோட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. அந்த நிச்சயமின்மைக்கு நடுவிலும் அறிகுறிகள் குறைந்ததை அது பதிவு செய்தது. காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இது ஒரு சான்று. உறக்கம் சீரான சிறுவன், மொழி கற்கவும் தன் மனு குறித்த விசாரணையில் கோர்வையாகப் பேசவும் கூடுதல் வலிமை பெறுகிறான்.

ஆயினும், ஒரு கையால் சிகிச்சை அளித்து மறு கையால் அச்சத்தை வளர்க்கும் கொள்கைகளும் உண்டு. ஜெர்மனியின் புகலிடம் கோருவோர் நலச் சட்டம், தொடக்கக் காலத்தில் மருத்துவ உதவியைப் பெரும்பாலும் கடும் நோய், வலி ஆகியவற்றுக்கு மட்டுமே வரையறுக்கிறது. பிறவற்றுக்குத் தனி அனுமதி பெற வேண்டும். 15 மாதங்களாக இருந்த இந்தக் காலவரம்பு 2019-இல் 18 மாதங்களாகவும், 2024-இல் 36 மாதங்களாகவும் நீட்டிக்கப்பட்டது. சிகிச்சை முறை இருந்தும், அதற்கான அனுமதியும் மொழிபெயர்ப்பாளரும் கிடைக்காமல் மாதங்கள் கழிகின்றன.

மனித நேய உதவி அமைப்புகளின் கூட்டுக்குழு 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகள் இதனை ஒரு பிரமிடாக விளக்குகின்றன. அதன் அடித்தளம் பாதுகாப்பும் அடிப்படைச் சேவைகளும். அதற்கு மேல் குடும்பம், சமூகம் ஆகியவற்றின் துணை. அதற்கும் மேல் பயிற்சி பெற்ற பணியாளரின் உதவி. உச்சியில் நிபுணர் சிகிச்சை. அடித்தளம் சரிந்தால் உச்சி நிற்காது.

இந்தியா எங்கே நிற்கிறது?

அகதிகள் நிலை குறித்த 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அதன் 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா இணையவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. இருந்தும் திபெத்தியர்கள், இலங்கைத் தமிழர்கள், 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியான்மரிலிருந்து மிசோரமுக்கு வந்த சின் இன மக்கள், ஆப்கானியர்கள், ரோஹிங்கியாக்கள் எனப் பல தரப்பினர் இந்நாட்டில் வாழ்கின்றனர். ஒவ்வொரு தரப்பினருக்கும் கிடைக்கும் பாதுகாப்பும் சலுகையும் வேறுபடுகின்றன.

அகதிகள் உடன்படிக்கைக்கு வெளியே இருப்பதால் இந்தியாவுக்குக் கடமையே இல்லை என்றாகிவிடாது. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதன் 22-ஆவது பிரிவு அகதிக் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றியது. 39-ஆவது பிரிவு, ஆயுத மோதலாலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உடலளவிலும் மனத்தளவிலும் மீள அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. வாழ்வதற்கான உரிமையை வழங்கும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு குடிமக்கள் அல்லாதோருக்கும் பொருந்தும் என்பதை, 1996-இல் சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

இன்னும் நேரடியான வழி, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை அதன் 18-ஆவது பிரிவு ஒவ்வொரு நபருக்கும் வழங்குகிறது. குடிமக்கள் என்ற சொல் அங்கே பயன்படுத்தப்படவில்லை. ஆகவே, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரும் அகதிச் சிறுமியிடம் குடியுரிமையைக் கேட்டுத் திருப்பி அனுப்ப இச்சட்டத்தில் இடமில்லை.

நடைமுறைத் தடை, ஆள் பற்றாக்குறை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 0.75 மனநல மருத்துவர்களே உள்ளனர். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பல்வேறு மனநலக் கோளாறுகளால் பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. சொந்தக் குடிமக்களுக்கே போதாத நிலையில் அகதிகளுக்கு எங்கே போவது என்ற கேள்வி இயல்பாக எழும். உகாண்டா, ஜாம்பியா அனுபவங்கள் விடையளிப்பது இந்தக் கேள்விக்குத்தான். அங்கு நிபுணர்கள் இந்தியாவைவிடவும் அரிது. அகதிகளுக்காகப் பயிற்றுவிக்கப்படும் பணியாளர், மணிப்பூரில் 2023 மோதலால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் வெள்ளத்தில் உறவினரை இழந்த குழந்தைக்கும் பயன்படுவார்.

முகாமிலேயே பிறந்த தலைமுறை

தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்கள் இன்னொரு வகையான சிக்கலை முன்வைக்கின்றன. 1983 முதல் அலை அலையாக வந்த இலங்கைத் தமிழர்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் முகாம்களில் வாழ்கின்றனர். 2021-இல் தமிழ்நாடு அரசு இவற்றை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. இங்குள்ள சிறார்களில் பலர் இந்திய மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்கள் போரைக் கண்டதில்லை; பாட்டியின் பேச்சிலும் தந்தையின் மௌனத்திலும் அதை அறிந்தவர்கள்.

இவர்களுடைய கயிற்றில் குண்டுவீச்சு என்ற கல் இல்லை. நன்றாகப் படித்தும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாமை, கடவுச்சீட்டு இல்லாமை, எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்குப் பதிலில்லாமை ஆகியவையே இவர்களின் பாரம். 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்களித்தது. கைது அச்சத்தை அது குறைக்கிறது. குடியுரிமைக்கான விடையை அது தரவில்லை. இந்தத் தலைமுறைக்கு மனவடு சிகிச்சையைவிடச் சட்டபூர்வமான எதிர்காலமே பெரிய மருந்து. எல்லா அகதிச் சிறார்களுக்கும் ஒரே சிகிச்சை என்ற பார்வை பொருந்தாது என்பதற்கு இது கண்முன் உள்ள எடுத்துக்காட்டு.

அடுத்து என்ன?

புதிய துறையோ பெரிய கட்டடமோ இல்லாமல் தொடங்கக்கூடியவை உள்ளன. அகதிச் சிறார் பயிலும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் முகாம்களில் பணியாற்றும் செவிலியர்களுக்கும் அறிகுறிகளை இனங்காணும் பயிற்சி முதல் படி. அந்தந்தச் சமூகத்திலிருந்தே இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, குழுப் பயிற்சிகளை நடத்தக் கற்பிப்பதும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அவர்களை மேற்பார்வையிடுவதும் இரண்டாவது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் உதவி எண்ணான 14416 வழியாக, ரோஹிங்கியா, தாரி, சின் போன்ற மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை இணைப்பது மூன்றாவது. குழந்தை சொல்லும் கதை அதன் அனுமதியின்றி எந்த விசாரணைக் கோப்புக்கும் செல்லாது என்ற உறுதி இவை அனைத்துக்கும் அடிப்படை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தக் குழந்தையும் வாய் திறக்காது.

மருத்துவ அறிவு தன் பங்கைப் பெருமளவு செய்துவிட்டது. சில அமர்வுகள், ஒரு கயிறு, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒரு மனிதர் ஆகியவற்றைக் கொண்டே, பல சிறார்களின் கடந்தகாலத்தைக் கடந்தகாலமாக்க முடிகிறது. சுருட்டிவைக்கப்பட்ட மீதிக் கயிற்றுக்கு உத்தரவாதம் அளிக்கும் பொறுப்பு, அவர்கள் வாழும் நாடுகளின் சட்டங்களிடமே இருக்கிறது.